கடைமடை

தெருவின் கடைசி வீடு என்னுடையது.
அதற்கப்புறம் கோதுமை.
கோதுமைக்கு அப்புறம் உப்பேரி.
உப்பேரிக்கு அப்புறமும் ஆஸ்திரேலியாதான்,
ஆனால் கம்பி என் தூணோடு நின்றுவிடுகிறது.

வாய்க்கால் பாசனத்தில்
கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேராது.
கம்பிக்கும் அதே நியாயம்:
சாயங்காலம் ஆறரைக்கு
ஊரே அடுப்பை மூட்டும்போது
என் சமையலறை விளக்கு கண்ணைச் சுருக்கும்.

நண்பகலில் எல்லாம் தலைகீழ்.
முலிண்டப்பில் நூற்றுப் பன்னிரண்டு கூரைகள்,
அத்தனையிலும் சோலார் தகடு.
எல்லோரும் ஒரே நேரத்தில்
ஒரே கம்பியில் வெயிலை ஊற்றுகிறோம்.
குடிக்க ஆளில்லை.
ஆண்கள் சுரங்கத்தில், பிள்ளைகள் பள்ளியில்,
நாய்கள் நிழலில்.
மின்னழுத்தம் வரப்பு மீறும்.
வெள்ளம் என்று வந்தால் மட்டும்
அது கடைமடையைத் தேடித்தான் நிற்கும்.
இருநூற்று ஐம்பத்தெட்டு என்று காட்டியதும்
என் இன்வெர்ட்டர் 'டக்'கென்று
வாயை மூடிக்கொள்ளும்.
தெருமுனையில் கிரென்ஃபெல் வீட்டுக் கூரை
காசு பண்ணிக்கொண்டே இருக்கும்.
அதே வெயில்தான்.
அவர்களுக்கென்று தனியாகவா காய்கிறது?

பிறகு அண்டைவீட்டுச் சந்தை வந்தது.
கம்பெனிக்கு விற்றால் யூனிட்டுக்கு இரண்டு சென்ட்,
தெருவுக்குள் விற்றால் ஒன்பது.
போனில் ஒரு பட்டியல்.
பெயர் கிடையாது, மீட்டர் எண் மட்டும்.
பதினான்கு என்றொரு எண்
தினமும் பதினொன்றே முக்காலுக்கு வரும்,
ஆறு யூனிட் வாங்கும்,
பேரம் பேசாமல் போகும்.
ஏமாளி, என்று நினைத்துக்கொண்டேன்.
கிறிஸ்துமஸுக்கு அந்தக் காசில்
ஒரு செருப்பும் வாங்கினேன்.

ஜனவரியில் பதினான்கு வரவில்லை.
நாற்பத்துமூன்று டிகிரி.
யூகலிப்டஸ் பட்டை தானாக உரிந்து விழுகிறது.
ஒன்பது நாள், ஒன்பது நண்பகல்,
டக். டக். டக்.
வானம் முழுக்கச் சரக்கு,
கணக்கில் பூஜ்யம்.
ஒன்பது சென்ட் போனால் போகட்டும்,
இரண்டு சென்ட்கூட வரவில்லை.
அந்த ஆறு யூனிட் குடித்த வாய்தான்
என் வரப்பைக் காத்திருக்கிறது என்று
அப்போதுதான் உறைத்தது.

பத்தாம் நாள் பதினொன்றே முக்காலுக்கு
மறுபடியும் பதினான்கு.
செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.
அதிக தூரமில்லை, நாலாவது வீடு.
பதினோரு வருஷம் கையசைத்த தூரம்.

கொக்கோஸ் தீவிலிருந்து வந்த ஜுஹாரி,
இறைச்சிக்கூடத்தில் ராத்திரி ஷிப்ட்.
"மகளுக்குப் பிரசவம், பெர்த் போயிருந்தேன்,
பையன்" என்றார்.
கொட்டகையைத் திறந்து காட்டினார்.
உள்ளே பழைய ஐஸ் இயந்திரம்
யானைக்குட்டி போலப் பெருமூச்சு விட்டுக்கொண்டு.
பகலெல்லாம் ஐஸ் பிடிப்பாராம்.
ஆறு மணிக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டால்
விடியும்வரை ஐஸே கறியைக் காக்குமாம்.

"அப்போ என் விளக்குக்காக இல்லையா?"
"எந்த விளக்கு?" என்றார்.
"சாயங்காலக் கரண்ட் நாற்பது சென்ட், கோரல்.
எனக்கென்ன பைத்தியமா?"

சிரித்துவிட்டேன்.
என் கூரையின் வெயில் அங்கே
தட்டுத் தட்டாக உறைந்து கிடந்தது,
ஓரத்தில் நீலம்,
நடுவில் ஒரு வெள்ளைக் கீறல்.
தொட்டேன், விரல் ஒட்டிக்கொண்டது.
ஒரு பை கேட்டேன்.
இரண்டு டாலர், என்றார்.
என் சரக்கு, என்றேன்.
உறையவைத்த கூலி, என்றார்.
கொடுத்தேன்.

திரும்பும் வழியெல்லாம்
பை ஒழுகிக்கொண்டே வந்தது.
தார்ச்சாலையில் விழுந்த சொட்டுகள்
நான் திரும்பிப் பார்ப்பதற்குள் காய்ந்தன.

அன்று ஆறரைக்கு அடுப்படியில் நின்று
விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
கண்ணைச் சுருக்கவில்லை.
சரி, கொஞ்சம் சுருக்கியது.
கிரென்ஃபெல் வீட்டில் ஏசி போட்டிருப்பார்கள்.